ஏற்காடு ஏறும் கேரவனுக்கு ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் ஃபில்டரும்: நீங்களே மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக, ஒரு மணி நேரத்துக்குள் வண்டியை 1,200 மீட்டர் தூக்கிச் சென்றுவிடுகிறோம். சாதாரணக் காருக்கு அது பெரிய வேலை இல்லை. படுக்கை, அடுப்பு, அலமாரி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி என்று ஒரு சிறு வீட்டையே முதுகில் சுமக்கும் கேரவனுக்கு அது கடுமையான உழைப்பு. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அந்த உழைப்பின் சூடு முழுவதும் ஒரே இடத்தில் போய்ச் சேரும்: கியர்பாக்ஸில் இருக்கும் எண்ணெயில்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பாதி மலை ஏறியிருந்தோம். முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் பத்துப் பதினைந்து கார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, கருகல் வாசனை வருகிறது" என்றான். அவன் கையிலிருந்த ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) கியர் எண்ணெயின் வெப்பம் 118 டிகிரி என்று காட்டியது. அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, பி (பார்க்கிங்) நிலையில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டேன். எஞ்சினை அணைத்தால் பம்பு நின்றுவிடும். எண்ணெய், அதை ஆறவைக்கும் கூலருக்குப் போகாமல் சூடான இடத்திலேயே தேங்கிவிடும். முக்கால் மணி நேரத்தில் 85-க்கு இறங்கியது. மறுவாரமே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன். அதன்பிறகு மூன்று முறை செய்துவிட்டேன். உருக்காலையில் ஹைட்ராலிக் பராமரிப்பில் 27 ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்து எழுதுவதுதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் இதில் சுலபமான பகுதி. சுத்தமும் அளவும்தான் உண்மையான வேலை. கியர்பாக்ஸ் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிடுவதால்தான்.

உங்கள் வண்டி எந்த வகை?

கிளட்ச் மிதி இல்லாத எல்லா வண்டியும் ஒரே வகை அல்ல. நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படும் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. ஏ.எம்.டி. என்று அதற்குப் பெயர். அதில் ஊற்றுவது சாதாரண கியர் ஆயில். சி.வி.டி. வகையில் பெல்ட்டும் கப்பியும் இருக்கும். அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. இரட்டைக் கிளட்ச் வகைக்கும் தனி எண்ணெய். இந்த வழிகாட்டி டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கேரவன் கட்டப்படும் பெரிய வேன்களிலும் எஸ்.யூ.வி.களிலும் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சி.வி.டி.யில் இந்த எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸே போய்விடும். ஆகவே கையேட்டைத் திறந்து வகையை உறுதி செய்யாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

எண்ணெயை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்.வி., டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., கிரைஸ்லரின் ஏ.டி.எஃப். பிளஸ் 4 என்று தரங்கள் பல. பாகுத்தன்மையோ உராய்வுக் குணமோ தரத்துக்குத் தரம் மாறும். இந்த எண்ணெய் மசகு மட்டும் அல்ல. கிளட்ச் தகடுகளை அழுத்துவது, டார்க் கன்வர்ட்டரில் சக்தியைக் கடத்துவது, சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை. தகடுகள் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட அதன் ரசாயனமே தீர்மானிக்கிறது. கையேடு கேட்கும் தரத்தின் பெயர் டப்பாவில் அப்படியே இருக்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று கடைக்காரர் தருவதை வாங்காதீர்கள்.

எப்போது மாற்றுவது?

சில உற்பத்தியாளர்கள் இந்த எண்ணெயை ஆயுளுக்கும் மாற்றவே வேண்டாம் என்கிறார்கள். அவர்களுடைய கையேட்டிலேயே பின்பக்கம் "கடுமையான பயன்பாடு" என்று ஓர் அட்டவணை இருக்கும். சுமை இழுப்பது, மலை ஏறுவது, வெயில் காலத்தில் நெரிசலில் ஓட்டுவது என்று அதில் எழுதியிருப்பதெல்லாம் சேலத்துக் கேரவனின் அன்றாட வாழ்க்கை. நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எண்ணெய்த் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 80-ல் நெடுங்காலம் தாங்கும் எண்ணெய் 120-ல் எவ்வளவு காலம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒரு முறைகூட மாற்றப்படாமல், ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டி என்றால் நிலைமை வேறு. அந்த வழுக்கல் தேய்ந்த தகடுகளால் வருவது. புது எண்ணெய் அதைச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட வண்டியை அனுபவமுள்ள கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இடமும் பாதுகாப்பும்

ஏற்காட்டில் வீடு இருந்தாலும் இந்த வேலையைச் சேலத்துக்கு இறங்கி வந்து செய்யுங்கள். மலையில் சமதளம் கிடைப்பது அரிது. வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் மட்டம் பொய் சொல்லும். திடீரென்று மழையும் வரும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும். வெள்ளைக்கல் சுரங்கங்களின் பக்கம் குடியிருப்பவர்கள் காற்றடிக்கும் நாளைத் தவிர்த்து, விடியற்காலையில் தொடங்குங்கள். அந்த வெண்தூசு ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் போதும்.

கேரவனின் எடைக்கு வீட்டு ஜாக்கி போதாது. எடை தாங்கும் ஸ்டாண்டுகள் நான்கு இருந்தால் வீட்டு முன் கான்கிரீட் தளத்தில் செய்யலாம். இல்லையென்றால் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களிலோ லாரிப் பட்டறைகளிலோ குழி இருக்கும். அரை நாள் வாடகைக்குக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சங்ககிரி, நாமக்கல் வரை லாரித் தொழில் பரவிக் கிடக்கும் வட்டாரம் நம்முடையது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குழியில் வேலை செய்வதானால் கேரவனுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. சிலிண்டரில் சிறு கசிவு இருந்தாலும் அது கீழே இறங்கிக் குழியில் தேங்கும். அங்கே ஒரு மின் விளக்கின் பொறி போதும். ஆகவே வண்டி பட்டறைக்குள் நுழையும் முன்பே சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்யுங்கள். 100 கிலோ குறையும். கை பிரேக்கைப் போட்டு, லாரி கிளீனர்கள் செய்வதுபோலச் சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தயார் செய்ய வேண்டியவை

எண்ணெய், வெளியே வரப்போகும் அளவைவிட இரண்டு லிட்டர் கூடுதலாக. அதே மாடலுக்கான ஃபில்டரும் அதன் ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). ஆயில் பேனுக்குப் புது பேக்கிங் (கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டுதான் பேன், பட்டறைகளில் சேம்பர் என்பார்கள்). டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். பத்து லிட்டர் பிடிக்கும் அகலமான தட்டு. லிட்டர் கோடு போட்ட ஜாடி இரண்டு. கைப் பம்பு, டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவோடு இறுக்கும் ஸ்பேனர்), பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், வெப்பம் காட்டும் ஸ்கேனர்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டறைகளில் தாராளமாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு நூல் வால்வுக்குள் போனால், தலைமுடி கனமே உள்ள இடைவெளியில் சிக்கி வால்வை நிறுத்திவிடும். உருக்காலையில் ஒரு முறை ஓர் இயந்திரம் இரண்டு நாள் நின்றது. கடைசியில் காரணமாக எடுத்தது கால் அங்குல நீளப் பஞ்சு நூல். அன்றிலிருந்து நான் நார் உதிராத துணியை மட்டுமே பயன்படுத்துகிறேன். உள்பாகங்களைத் துணியால் துடைப்பதைவிட பிரேக் கிளீனர் அடித்துக் காயவிடுவது இன்னும் நல்லது.

வேலை தொடங்குகிறது

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எண்ணெய் 40 முதல் 50 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். இந்தச் சூட்டில் எண்ணெய் இளகி, அடியில் படிந்த துகளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். மலையிலிருந்து இறங்கிய கையோடு திறந்தால் 90 டிகிரி எண்ணெய் முழங்கை வரை வழிந்து புண்ணாக்கிவிடும்.

பேனையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் முதலில் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அடுத்து, எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். ஊற்றும் வழி திறக்கிறது என்று உறுதியான பின்புதான் வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மேல் போல்ட் துருப்பிடித்துச் சுழல மறுத்தால், எண்ணெயை வடித்துவிட்ட வண்டியை எங்கும் நகர்த்த முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றித் தட்டில் வடியவிடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பொறுமையாக இருங்கள். டிரெயின் போல்ட்டே இல்லாத பேன்களும் உண்டு. அவற்றில் ஒரு மூலையில் மூன்று போல்ட்டுகளை மட்டும் பாதி தளர்த்திவிட்டு மற்றவற்றைக் கழற்றினால், பேன் சாய்ந்து எதிர் மூலை வழியாக வடியும். எப்படிச் செய்தாலும் பேன் கையில் வரும்போது ஒன்றிரண்டு லிட்டர் உள்ளே நிற்கும். இரு கைகளாலும் மட்டமாகப் பிடித்து இறக்குங்கள். வடிந்ததையும் பேனில் நின்றதையும் ஜாடியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசி முறை 4.6 லிட்டர் வந்தது. இந்த எண்தான் இனி வழிகாட்டி.

பேன் என்ன சொல்கிறது?

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். பேனின் உள்ளே இரண்டு மூன்று காந்தத் துண்டுகள் இருக்கும். எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், விபூதியை எண்ணெயில் குழைத்ததுபோல் மெத்தென்று இருந்தால் கவலை வேண்டாம். அது இயல்பான தேய்மானம். ஊசி முனைபோல் விரலைக் குத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பேரிங்கோ பல்சக்கரமோ உடைகிறது என்று பொருள். காந்தத்தில் ஒட்டாமல் பேனின் அடியில் மின்னும் மஞ்சள் துகள்கள் பித்தளை, வெண்கலப் புஷ்களிலிருந்து வருபவை. கறுப்பாகக் காப்பித் தூள்போல் படிந்திருந்தால் அது கிளட்ச் தகட்டின் உராய்வுப் பூச்சு. கடைசி மூன்றில் எது தெரிந்தாலும் படம் எடுத்து வையுங்கள். எண்ணெயை மாற்றி முடித்த பின் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மலை மட்டும் ஏறாதீர்கள்.

எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்புச் சிவப்பு இயல்பு. கறுத்து, கருகிய வாசனையோடு இருந்தால் அதிகம் சூடேறியிருக்கிறது. பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

ஃபில்டரும் அந்தச் சிறு வளையமும்

ஃபில்டர் இரண்டு மூன்று போல்ட்டுகளிலோ அதன் கழுத்தின் இறுக்கத்திலோ நின்றிருக்கும். கழற்றும்போது இன்னும் கொஞ்சம் எண்ணெய் கொட்டும். முகத்தைத் தள்ளி வையுங்கள். கழற்றிய ஃபில்டரின் கழுத்தைப் பாருங்கள். ஓ-ரிங் அதோடு வந்திருக்கிறதா? வரவில்லையென்றால் மேலே துவாரத்தின் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் வண்டியை நான் வாங்குவதற்கு முன்பு ஒரு பட்டறையில் ஃபில்டரை மாற்றியிருந்தார்கள். நான் முதல் முறை திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, துவாரத்தின் உள்ளே பழைய வளையம் தட்டையாகிக் கல்லாக இறுகிக் கிடந்தது. அதன்மேலேயே புது வளையத்தை வைத்து அழுத்தியிருந்தார்கள். ஃபில்டர் முழுதாக உட்காரவில்லை. பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்தே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மலையில் வந்த அந்தக் கருகலில் இதற்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். பழைய வளையத்தை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியாகவும் காற்று புகும். முனை மழுங்கிய பிளாஸ்டிக் கொக்கியால் மெதுவாக நெம்பி எடுங்கள்.

புது ஓ-ரிங்கில் புது எண்ணெயையே விரலால் தடவி, ஃபில்டரை நேராகப் பிடித்துக் கையாலேயே அழுத்துங்கள். "டக்" என்று உட்காருவது கைக்குத் தெரியும். கிரீஸ் தடவாதீர்கள்.

பேனை மூடுதல்

பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். தகரப் பேன் என்றால் போல்ட் துளைகளின் ஓரம் உள்வாங்கியிருக்கும். மரக்கட்டையில் கவிழ்த்து வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள். உற்பத்தியாளர் சொல்லாத இடத்தில் சிலிக்கான் பசை போடாதீர்கள். பிதுங்கி உள்பக்கம் விழும் துணுக்கு நேராகப் போய் ஃபில்டரை அடைக்கும்.

காந்தங்களைக் கழுவி அதே இடத்தில் வைத்து, பேக்கிங்கைப் பொருத்தி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். அதன்பின் எதிர் எதிராக, இரண்டு சுற்றுகளில் இறுக்குங்கள். இந்த மெல்லிய போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே தேவை. உங்கள் கையேட்டின் எண்ணே முடிவானது. நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவலு லாரிக்குப் பழகியது. அதே வலுவை இங்கே காட்டினால் பேக்கிங் பிதுங்கி ஒழுகும், அல்லது அலுமினியத்தில் மரை கழன்றுவிடும்.

ஊற்றுவதும் அளப்பதும்

வெளியே வந்தது 4.6 லிட்டர் என்றால் முதலில் 4.6 லிட்டர் ஊற்றுங்கள். பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினை இயக்கி, பி, ஆர், என், டி என்று ஒவ்வொரு நிலையிலும் நான்கைந்து விநாடி நிறுத்தி, மீண்டும் பி-க்கு வாருங்கள். இப்போது எண்ணெய் எல்லாப் பாதைகளிலும் நிரம்பியிருக்கும்.

டிப்ஸ்டிக் (எண்ணெய் மட்டம் அளக்கும் குச்சி) உள்ள வண்டியில், சமதளத்தில், எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி அளக்கச் சொல்லும் நிறுவனங்களும், என் நிலையில் வைக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். குச்சியில் குளிர்நிலைக் கோடும் சூடான நிலைக் கோடும் தனித்தனியாக இருக்கும். இரு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் தாழ்ந்ததே சரி.

இன்றைய வண்டிகள் பலவற்றில் குச்சி கிடையாது. பேனில் ஒரு மட்டப் போல்ட் இருக்கும். ஸ்கேனரில் எண்ணெயின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே, உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள், பெரும்பாலும் 35 முதல் 50 டிகிரிக்குள் ஏதோ ஒரு வரம்பில், எஞ்சின் ஓடும்போது அதைத் திறக்க வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும். எண்ணெய் கோடாக ஒழுகினால் அது சொட்டுச் சொட்டாகக் குறையும் வரை காத்திருந்து மூடுங்கள். எதுவுமே வரவில்லையென்றால் சிறிது சிறிதாகச் சேருங்கள். இந்த வெப்ப எல்லையைத் தவறவிட்டால் ஆறவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் சேலத்தில் நிற்கும் வண்டியே 38 டிகிரி இருக்கும். அதனாலும் விடியற்காலை நல்லது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குவதால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. இரண்டிலும் விளைவு ஒன்றுதான், வழுக்கலும் சூடும்.

பேனைக் கழற்றி மாற்றும்போது முழு எண்ணெயும் மாறாது. டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் பாதி தங்கிவிடும். மொத்தம் 9.2 லிட்டர் பிடிக்கும் என் வண்டியில் ஒரு முறை மாற்றினால் 50 சதவீதம் புதிது. ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, பேனைத் திறக்காமல் வடித்து மறுபடி ஊற்றினால் கிட்டத்தட்ட 75 சதவீதம். கருகிய எண்ணெய்க்கு இந்த இரண்டு தவணை முறையையே நான் விரும்புகிறேன்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் ஓமலூர் வரை சமதளத்தில் போய்த் திரும்புங்கள். கியர் மாறுவதில் உதறல் இருந்தால், பழைய எண்ணெய்க்குப் பழகிய கணினியை ஸ்கேனர் மூலம் மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். காலையில் அட்டை உலர்ந்திருந்தால் மலைக்குப் போகலாம். ஏறும்போது டி-யிலேயே விடாமல் இரண்டாம் கியரில் நிறுத்திக்கொள்ளுங்கள். கியர் மேலும் கீழும் தேடுவது குறையும், சூடும் குறையும். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். சென்ற மாதம் முழுச் சுமையோடு ஏறியபோது கடைசி வளைவில் ஸ்கேனர் 96 காட்டியது.

பழைய எண்ணெயைப் புது எண்ணெய் வந்த டப்பாக்களிலேயே ஊற்றி மூடி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். வேலிக்காலில் கரையானுக்குப் பூசுவதோ சாக்கடையில் ஊற்றுவதோ வேண்டாம். சேர்வராயன் மலையின் ஓடைகள் இறங்கி வருவது நம் கிணறுகளுக்குத்தான். ஃபில்டரையும் ஒரு நாள் கவிழ்த்து வடித்த பிறகே கொடுங்கள். அதற்குள் இன்னும் கால் லிட்டராவது நிற்கும்.